வெட்டாத பேட்டர்ன்களைக் கைமாற்றிவிட்ட அனுபவம்

பழைய தையல் பேட்டர்ன்களை, அதாவது துணியை வைத்து வெட்டுவதற்கான காகித வடிவங்களை, சேர்ப்பது ஒரு பழக்கம், அவற்றை வைத்துத் தைப்பது இன்னொரு பழக்கம். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தாலும் முதலாவது எப்போதும் முந்திக்கொண்டு ஓடிவிடும். உறை மேல் இருக்கும் படம் அழகாக இருக்கிறது, காலர் வெட்டு இப்போது வரும் பேட்டர்ன்களில் பார்க்காத மாதிரி இருக்கிறது, சரி இருக்கட்டும் என்று எடுத்து வைப்போம். அப்படி நானாக எடுத்து வைத்ததும், தைப்பதை நிறுத்திவிட்ட பெரியவர்கள் "நீதான் தைப்பாயே, வைத்துக்கொள்" என்று கையில் திணித்ததும் சேர்ந்து அலமாரியில் இரண்டு தட்டு நிரம்பிவிட்டன. பெரும்பாலானவை வெட்டாதவை, சில கம்பெனியில் மடித்த மடிப்புகூடக் கலையாதவை. என் அளவுக்கு வராதவை, வந்தாலும் நான் எந்தக் காலத்திலும் உடுத்தப்போகாதவை.

இவற்றை வீட்டில் தைக்கும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். மூட்டையாகக் கட்டி ஒருவரிடம் கொடுத்தால் ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும், ஆனால் அது என் அலமாரியிலிருந்து அவர் அலமாரிக்கு இடம் மாற்றியதாகத்தான் இருக்கும். தைக்கப்போகிறவரிடம், அவர் அளவுக்கு, குறை நிறை சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

முதல் வேலை, ஒவ்வொரு உறையையும் திறந்து பார்ப்பது. உறை நன்றாக இருக்கிறது என்பதால் உள்ளே எல்லாம் இருக்கிறது என்று நம்பக் கூடாது. முன்பாகம், பின்பாகம், கை, காலர், ஓரத்தை உள்பக்கமாக மூடும் ஃபேசிங், பாக்கெட் என்று எத்தனை துண்டு இருக்க வேண்டும் என்பது குறிப்புத்தாளில் சின்னச் சின்னப் படமாகப் போட்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ இருக்கும். அதை எதிரில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியதுதான். அச்சடித்த பேட்டர்ன் என்றால் துண்டின் மேலேயே பேட்டர்ன் எண் இருக்கும், வேறு உறையிலிருந்து தவறி வந்த துண்டு சட்டென்று அகப்பட்டுவிடும். மடிப்பு கலையாத கட்டு என்றால் பிரிக்கவே வேண்டாம். பிரித்தால் பழையபடி மடிக்க வராது, உறைக்குள் போகவும் போகாது. "பிரிக்கவில்லை, கம்பெனி மடிப்பிலேயே இருக்கிறது" என்று மேலே எழுதிவிட்டேன்.

அச்சடிக்காத பேட்டர்ன்கள் தனிக் கதை. அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வெறும் டிஷ்யூ தாள், அதில் ஒரு கோடு கிடையாது, ஓர் எழுத்து அச்சாகியிருக்காது, சல்லடை மாதிரி ஆங்காங்கே ஓட்டைகள் மட்டும். உடம்பு வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட் எங்கே என்பதற்குச் சின்ன ஓட்டைகள், நேர் இழை எந்தப் பக்கம் என்பதற்குப் பெரிய ஓட்டைகள், துணி மடிப்பில் வைக்க வேண்டிய ஓரத்துக்கு வேறு விதமான ஓட்டைகள். இது முன்பாகம், இது கை என்று தெரிவிக்கும் எழுத்தைக்கூட ஓட்டைகளாலேயே குத்தியிருப்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும், விளக்கம் குறிப்புத்தாளில்தான் இருக்கும். தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டைகள் புள்ளிப் புள்ளியாகத் தெரியும், அப்போதுதான் அது தோள், இது கைக்குழி என்று உருவம் பிடிபடும். பேட்டர்ன் வியாபாரத்தின் ஆரம்பகாலம் முழுக்க இப்படித்தான். அமெரிக்கத் தையல்காரர் எபனேசர் பட்டரிக் 1863-ல் அளவு வாரியாக வெட்டிய காகிதப் பேட்டர்ன்களை விற்க ஆரம்பித்தார், 1870-ல் ஜேம்ஸ் மெக்கால் வந்தார். மெக்கால்ஸ் கம்பெனி 1920 வாக்கில் கோடும் எழுத்தும் அச்சடித்த பேட்டர்ன்களைக் கொண்டுவந்தது, ஆனால் காப்புரிமை அவர்கள் கையில் இருந்ததால் மற்ற கம்பெனிகள் வெகுநாள் ஓட்டைகளோடுதான் ஓட்டின. சிம்பிளிசிட்டி அச்சுக்கு மாறியது 1940-களின் நடுவில், வோக் 1950-களின் பிற்பகுதியில்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அச்சடிக்காத பேட்டர்னில் குறிப்புத்தாள் காணாமல் போயிருந்தால், அதைப் புதிதாகத் தைக்கப் பழகுகிறவரிடம் கொடுப்பது அவரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதற்குச் சமம். அந்த மாதிரி உறைகளைத் தனியாக எடுத்து, பேட்டர்ன் வரையவே தெரிந்த கைகாரர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டேன். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. ஒரு அக்கா நான் கொடுத்த தாளை மேஜையில் பரப்பி, ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டே போய், "இது டார்ட் இல்லை, சுருக்கு வைக்கிற இடம்" என்று சொன்னபோது நானே மறுபடி உற்றுப் பார்த்தேன். ஆமாம், சுருக்குதான்.

அடுத்தது அளவு. கைமாற்றும்போது வரும் குழப்பத்தில் பெரும்பங்கு இங்கேதான் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "எனக்கு 14 சைஸ் இருந்தால் எடுத்து வையுங்கள் அக்கா" என்று கேட்பார்கள். எந்தக் காலத்து 14 என்று திருப்பிக் கேட்டால் விழிப்பார்கள். 1940-களில் 14 என்றால் மார்பளவு 32 அங்குலம். 1956-ல் அளவுமுறையைத் திருத்தியபோது அதே 14-க்கு 34 அங்குலம். 1960-களின் கடைசியில் இன்னொரு முறை மாற்றினார்கள், அதில் 14 என்பது 36 ஆகிவிட்டது, 34 அங்குலத்துக்கு 12 என்று பெயர் வந்தது. அந்த மாற்றத்தை ஒட்டி வந்த உறைகளில் 'நியூ சைஸிங்' என்று அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம். ஆக, ஒரே எண், மூன்று வேறு உடம்பு. இப்போது கடையில் ஆயத்த ஆடை வாங்கும் எண்ணுக்கும் இவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இது போதாதென்று பிரிவுகள் வேறு. ஒற்றைப்படை எண்கள், 9, 11, 13 என்று இருந்தால் அது ஜூனியர் அளவு, மார்பு கொஞ்சம் மேலே இருக்கும், முதுகு நீளம் குறைவு. 14½, 16½ என்று அரை சேர்ந்திருந்தால் அது குள்ளமாகவும் உடல்வாகு நிறைவாகவும் இருப்பவர்களுக்கு வரைந்தது. அந்த அரை எண் பேட்டர்ன்களைச் சேகரிப்பவர்கள் சீந்துவதில்லை, தைக்கிறவர்களுக்கோ அதுதான் வேண்டும். பழைய பேட்டர்ன் என்றாலே ஒல்லிக்குச்சி உடம்புக்கு என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கியிருந்த சிலருக்கு இவற்றைக் காட்டியபோது அவர்கள் முகத்தில் வந்த மாற்றம், அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

அதனால் சைஸ் எண்ணை வைத்துப் பிரிப்பதை விட்டுவிட்டு, உறையின் பின்பக்கம் போட்டிருக்கும் மார்பளவை வைத்துப் பிரித்தேன். பாவாடை, கால்சட்டை என்றால் இடுப்பளவு. உறை கிழிந்து அளவு தெரியாவிட்டால் துண்டுகளை நேராக அளந்துவிடலாம். முன்பாகத்தையும் பின்பாகத்தையும் கைக்குழிக்குக் கீழே மார்பு மட்டத்தில் டேப் வைத்து அளந்து, டார்ட் எடுக்கும் அகலத்தையும் தையலுக்கு விட்ட ஓரத்தையும் கழித்து, இரட்டித்தால் தைத்து முடித்த உடையின் சுற்றளவு வரும். உடம்பளவு அதைவிடச் சில அங்குலம் குறைவாக இருக்க வேண்டும், எவ்வளவு என்பது உடையின் வகையைப் பொறுத்தது. இந்தக் கணக்கைப் போட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உறைக்குள் வைத்துவிட்டால் வாங்குகிறவருக்குப் பாதி வேலை மிச்சம். தையலுக்கு விடும் ஓரமும் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. பிற்காலத்து அமெரிக்கப் பேட்டர்ன்களில் பெரும்பாலும் 5/8 அங்குலம், பழையவற்றில் 1/2 அங்குலம் இருக்கும். புர்தா என்ற ஜெர்மன் தையல் இதழோடு வரும் தாள்களிலோ தையலுக்கான ஓரமே சேர்த்திருக்காது, நாமேதான் கூட்டி வெட்ட வேண்டும். அதைச் சொல்லாமல் கொடுத்தால் துணி போச்சு.

இன்னொன்று, பழைய பேட்டர்ன் பெரும்பாலும் ஓர் உறைக்கு ஓர் அளவுதான். ஒரே தாளில் பல அளவுக் கோடுகள் போட்டு வருவது பரவலானது 1980-களில். பெரிதாக்கவும் சிறிதாக்கவும் தெரியாதவருக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் உள்ள பேட்டர்னைக் கொடுக்க நான் தயங்குவேன். அதோடு 1950-களின் உடைகள் இடுப்பை இறுக்கும் உள்ளாடை போட்டுக்கொண்ட உடம்புக்கு வரைந்தவை. மார்பு சரியாக வரும், இடுப்பில் பொத்தான் போடவே முடியாது. "இடுப்பில் கூட்டிக்கொள்ளுங்கள், முதலில் பழைய துணியில் ஒரு சோதனைத் தையல் போட்டுப் பாருங்கள்" என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் கேட்பார்கள்.

யாருக்கு எது என்று பொருத்துவதில் படத்தை நம்பக் கூடாது. உறை மேல் வரைந்திருக்கும் பெண்ணுக்குத் தலையைப் போல் ஒன்பது மடங்கு உயரம் இருக்கும், கழுத்து நீளம், இடுப்பு கைப்பிடிக்குள் அடங்கும். அந்த வரைபடத்துக்கு மயங்கித்தான் நாம் எல்லோரும் வாங்குகிறோம். உறையின் பின்பக்கத்தில் சின்னதாகக் கோட்டுப் படம் போட்டிருப்பார்கள், தையல் எங்கே வருகிறது, டார்ட் எத்தனை, ஜிப் எங்கே என்று அதில்தான் உண்மை தெரியும். 1930, 40-களின் கவுன்களில் திறப்பு இடது பக்கவாட்டில் இருக்கும், பின்னால் நீள ஜிப் வைப்பது அப்புறம் பரவலானது. பக்கவாட்டு ஜிப் பிடிக்காதவர்களிடம் முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது.

தைக்கப் பழகி கொஞ்ச நாளே ஆன ஒரு தங்கச்சி 1930-களின் கிராஸ் வெட்டு, அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டும், மாலை உடை ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்று நின்றாள். கிராஸில் வெட்டிய துணி தைக்கும்போதே இழுபடும், வெட்டிய துண்டுகளைத் தொங்கவிட்டு நீளம் இறங்கிய பிறகுதான் கீழ்மடிப்பு அடிக்க முடியும், வழுவழுப்பான துணியில் அது இன்னும் பாடு. அவளுக்கு 1960-களின் நேர்வெட்டு கவுன் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். முன்பாகம் ஒன்று, பின்பாகம் இரண்டு, ஃபேசிங், அவ்வளவுதான். முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் அதைத் தைத்து முடித்து உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். கிராஸ் வெட்டு உடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அவளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், அவசரம் இல்லை. ஆசைக்குக் கொடுப்பதைவிடக் கைப்பழக்கத்துக்குக் கொடுப்பதுதான் சரி என்பது என் எண்ணம், சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

துணியை வைத்தும் பொருத்தலாம், இது பலருக்குத் தோன்றுவதில்லை. கையில் இருக்கும் துணி குறைவாக இருப்பவருக்கு 1942 முதல் 1946 வரை வந்த அமெரிக்கப் பேட்டர்ன்கள் தோதானவை. போர்க்காலத்தில் துணியை மிச்சம் பிடிக்க அங்கே 1942-ல் எல்-85 என்று ஓர் உத்தரவு போட்டார்கள், பாவாடைச் சுற்றளவு, கீழ்மடிப்பு அகலம் எல்லாவற்றுக்கும் வரம்பு. அதனால் அந்தக் காலத்து வெட்டுகளில் துணி சிக்கனம். பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் 1947-ல் அகன்ற பாவாடைகளோடு வந்த பிறகு நிலைமை தலைகீழ், ஒரு கவுனுக்கு எக்கச்சக்கமாகத் துணி இழுக்கும். உறையில் போட்டிருக்கும் துணி அளவைப் படிக்கும்போது அகலத்தையும் பார்க்க வேண்டும். பழைய பேட்டர்ன்கள் 35, 39 அங்குல அகலத் துணிக்குக் கணக்குப் போட்டவை. இப்போது வரும் துணிகள் பெரும்பாலும் அதைவிட அகலம், அதனால் உறை சொல்வதைவிடக் குறைவாகவே ஆகலாம். வெட்டும் முன் துண்டுகளைத் துணிமேல் பரப்பிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

எந்தக் காலத்துப் பேட்டர்ன் என்று கண்டுபிடிப்பது எல்லா உறையிலும் எளிதல்ல. மெக்கால்ஸ் உறைகளில் பெரும்பாலும் வருடம் அச்சாகியிருக்கும். பழைய பட்டரிக், வோக் உறைகளில் தேடினாலும் கிடைக்காது. நான்கு இலக்க எண்ணை வைத்து முடிவு செய்யலாம் என்றால், எண் தீர்ந்ததும் கம்பெனிகள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடும், ஒரே எண்ணில் வெவ்வேறு காலத்து உடைகள் இருக்கும். தபாலில் வந்த பேட்டர்ன்கள், மரியன் மார்ட்டின், ஆன் ஆடம்ஸ் என்று செய்தித்தாள் வழியாக விற்ற வகை, அவற்றில் உறையே தபால் உறை என்பதால் முத்திரையில் தேதி இருக்கும். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் அது 1963-க்கு முந்தியதாக இருக்க முடியாது. இவ்வளவு துப்பறிவது எதற்கு என்றால், அளவு முறை காலத்தைப் பொறுத்தது என்று மேலே சொன்னேனே, அதற்குத்தான்.

அபூர்வமானது என்று சந்தேகம் வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானித்தேன். ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் வணிகப் பேட்டர்ன்களுக்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1920-களுக்கு முந்திய, மடிப்பு கலையாத பேட்டர்ன் உங்களிடம் இருந்தால் யாரோ ஒருவர் கத்தரிப்பதற்கு முன் அந்த மாதிரி இடங்களில் விசாரிப்பது நியாயம். மற்றவை, 1960, 70-களில் லட்சக்கணக்கில் அச்சடித்தவை, அவற்றை வெட்டாமல் பாதுகாக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தைப்பதற்காக அச்சடித்ததைத் தைப்பதுதான் மரியாதை.

எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் விட்டுப்போன தடயங்களை நான் எடுக்கவில்லை. ஒரு பாவாடைத் துண்டின் ஓரத்தில் பென்சிலால் '2 அங்குலம் கூட்டு' என்ற பொருளில் குறித்திருந்தது, அடியில் கோடு வேறு போட்டிருந்தது, முதல் தடவை கூட்டாமல் தைத்திருப்பார்கள் போல. இன்னொரு உறையில் பச்சைக் கட்டம் போட்ட துணியின் ஒரு சின்ன வெட்டுத்துண்டை ஊசி குத்தி வைத்திருந்தார்கள். ஊசி துருப்பிடித்து தாளில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. ஊசியை மட்டும் எடுத்துவிட்டு, துணியை ஒரு சின்னக் காகித மடிப்பில் போட்டு உள்ளேயே வைத்தேன். குறிப்புகள் உள்ள பேட்டர்ன் என்றால் ஏற்கெனவே ஒருவர் தைத்துப் பார்த்து, எங்கே இடிக்கும் என்று சொல்லிவைத்த பேட்டர்ன். வாங்கிக்கொள்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன், உண்மையில் அவற்றைத்தான் முதலில் எடுத்தார்கள்.

துண்டுகளின் நிலைமை பற்றி. கசங்கிய டிஷ்யூ தாளை இஸ்திரி போடலாம், மிகக் குறைந்த சூட்டில், தண்ணீரோ நீராவியோ இல்லாமல். ஈரம் பட்டால் தாள் சுருங்கி அலையலையாகிவிடும், அதற்கப்புறம் அளவு சரியாக வராது. பளபளப்பான ஒட்டும் டேப் போட்டு ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகவே கூடாது, பசை இளகி மேஜை விரிப்பு வரை ஒட்டிக்கொள்ளும். பழைய டேப் காலப்போக்கில் பழுப்பாகி, தானே உதிர்ந்து, பசையை மட்டும் விட்டுவிட்டுப் போகும். கிழிசலை ஒட்ட வேண்டுமென்றால் மெல்லிய டிஷ்யூ தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும். பசை துளிதான் இருக்க வேண்டும், காயும்வரை மேலே புத்தகத்தை வைக்க வேண்டும். பூஞ்சை வாடை அடிக்கும் உறைகளை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காமல் காற்றோட்டமான நிழலில் சில நாள் விரித்துப் போட்டேன். வாடை போகாதவற்றை யாருக்கும் கொடுக்கவில்லை. பூஞ்சையைப் பரிசாகக் கொடுப்பது நட்புக்கு அழகல்ல, ஆஸ்துமா இருப்பவர்கள் வீட்டுக்குப் போனால் இன்னும் மோசம்.

துண்டு குறைந்தால் அந்தப் பேட்டர்ன் வீண் என்று எறிந்துவிட வேண்டியதில்லை. ஃபேசிங் காணவில்லை என்றால் கழுத்து வளைவை அப்படியே வரைந்து இரண்டு அங்குல அகலத்தில் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். பெல்ட், பாக்கெட், இடுப்புப் பட்டி, கிராஸ் பட்டி எல்லாம் அளவெடுத்து வரையக்கூடியவையே. காலர் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கை காணாமல் போனால்தான் சிக்கல். வேறு பேட்டர்னின் கையை எடுத்து வைத்தால் கைக்குழியின் சுற்றளவும் கையின் மேல்வளைவும் ஒத்துவராது, ஒத்துவந்த மாதிரி தோன்றினாலும் கையைத் தூக்கும்போது இழுக்கும். முன்பாகமே இல்லையென்றால் பேசுவதற்கு ஒன்றுமில்லை. எது இல்லை என்பதை உறை மேல் பெரிதாக எழுதி, அதை ஈடுகட்ட முடியுமா முடியாதா என்பதையும் எழுதிக் கொடுத்தேன். 'கிட்டத்தட்ட எல்லாம் இருக்கிறது' என்று எழுதுவதைப் போல வம்பு வேறில்லை.

கொடுக்கும் விதம். தைப்பவர்கள் கூடும் இடத்தில் ஒரு மேஜை போட்டுப் பரப்புவதுதான் எனக்கு நன்றாகப் பலித்தது. உறைகளைப் படுக்கப் போடாமல் பெட்டியில் நிற்கவைத்து, மார்பளவு வாரியாக அட்டை வைத்துப் பிரித்திருந்தேன். 32, 34, 36 என்று. காலவாரியாகப் பிரித்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஆசைப்பட்டு எடுத்ததெல்லாம் அளவு பொருந்தாமல் எல்லோரும் ஏமாந்து நிற்பார்கள். பக்கத்தில் ஓர் அளவு டேப்பும் வைத்திருந்தேன். தன் மார்பளவு தெரியாமலே தைத்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தூரத்தில் இருப்பவர்களுக்குத் தபாலில் போனது. மடங்காதபடி கெட்டி அட்டை ஒன்று, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான் தேவை. தபால் செலவை வாங்குகிறவர் ஏற்றுக்கொண்டார், வேறு காசு வாங்கவில்லை. சுற்றுப் பெட்டி என்று ஒரு முறையும் இருக்கிறது, ஒரு பெட்டி ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய்க்கொண்டே இருக்கும், வேண்டியதை எடுத்துக்கொண்டு தன்னிடம் சும்மா கிடப்பதைப் போட்டு அனுப்புவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் நல்லதெல்லாம் முதல் சுற்றிலேயே போய்விட்டு, யாருக்கும் வேண்டாதது பெட்டியில் தங்கிவிடுகிறது, நடுவில் ஒருவர் மறந்து பரண்மேல் வைத்துவிட்டால் பெட்டியே நின்றுவிடுகிறது. நான்கைந்து பேர், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் என்றால் சரிப்படும்.

இலவசமாக வாங்கிப் போனவற்றை ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்ததும் நடந்தது. சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன், காசு கொடுத்து வாங்குகிறவரும் தைக்கத்தானே வாங்குகிறார். அதற்காக எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுக்க முடியாது. "கட்டாயம் தைத்துவிட்டுப் படம் அனுப்புகிறேன் அக்கா" என்று தானாகவே சொல்பவர்களிடமும் அதெல்லாம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏற்கெனவே ஒவ்வொருவர் வீட்டிலும் தைக்காத துணி ஓர் அலமாரி இருக்கிறது, அதோடு என் கடனும் எதற்கு.

ஒன்றில் மட்டும் கறாராக இருந்தேன். "உறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், துண்டுகளை ஸ்கேன் செய்து அனுப்புங்கள், நாங்கள் பத்துப் பேர் பகிர்ந்துகொள்கிறோம்" என்று கேட்டவர்களுக்கு இல்லை என்றேன். கையில் இருக்கும் ஒரு பிரதியைக் கொடுப்பது வேறு, நகலெடுத்துப் பரப்புவது வேறு. வரைபடத்துக்கும் குறிப்புக்கும் பதிப்புரிமை இருக்கும், பழைய பேட்டர்ன் என்பதால் மட்டும் அது இல்லாமல் போய்விடாது. வாங்கியவர் தன் உபயோகத்துக்கு டிரேஸ் எடுத்துக்கொள்வது பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, எடுக்கத்தான் வேண்டும். மெல்லிய காகிதத்தை மேலே போட்டு, ஊசி குத்தாமல் ஓரங்களில் எடைக்கு ஏதாவது வைத்து, கோடு, துண்டுகளைப் பொருத்துவதற்கான நாட்ச் அடையாளம், டார்ட் முனை, நேர் இழை எல்லாவற்றையும் வரைந்து எடுத்துவிட்டால் அளவு மாற்றுவதெல்லாம் அந்த நகலில் செய்துகொள்ளலாம். கோடு எடுக்கும் பல் சக்கரமான டிரேசிங் வீலைப் பழைய டிஷ்யூவின் மேல் நேராக ஓட்டினால் கிழித்துவிடும், பென்சில்தான் பத்திரம்.

ஆண்கள் சட்டை, பைஜாமா, குழந்தை உடைப் பேட்டர்ன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவை பெட்டியில் கடைசி வரை கிடக்கும், எல்லோர் கண்ணும் கவுன்கள் மேல்தான். ஆனால் வெட்டு காலத்தால் அதிகம் மாறாதது இவற்றில்தான். 1950-களின் ஆண்கள் பைஜாமா பேட்டர்னை இன்றைக்குத் தைத்தாலும் யாரும் பழசு என்று சொல்ல மாட்டார்கள். குழந்தை உடையில் வயதைப் பார்க்காமல் மார்புச் சுற்றளவைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் போதும். கவுன்களைத் துழாவிவிட்டு வெறுங்கையோடு திரும்பப்போனவர்களிடம் இவற்றை எடுத்து நீட்டினேன், கிட்டத்தட்ட எல்லாமே போய்விட்டன.

கடைசியில் மிஞ்சியவை உறை இல்லாத துண்டுகள், துண்டு இல்லாத உறைகள், தனியாகக் கிடக்கும் குறிப்புத்தாள்கள். துண்டுகளில் எண் அச்சாகியிருந்தால் எழுதி வைத்துக்கொண்டேன், ஏனென்றால் எங்கோ ஒருவரிடம் அதே பேட்டர்ன் ஒரு கை குறைவாக இருக்கும். குறிப்புத்தாள்களையும் அப்படியே, எண் வரிசையில் ஒரு கோப்பில். அச்சடிக்காத பேட்டர்ன் வைத்திருப்பவர் ஒருவருக்கு இதிலிருந்து ஒரு தாள் போயிருக்கிறது, அவர் வைத்திருந்த உறையில் மற்ற எல்லாம் இருந்தன, ஓட்டைகளுக்கு விளக்கம் மட்டும்தான் இல்லாமல் இருந்தது. எண் இல்லாத உதிரித் தாள்கள் பொட்டலம் கட்டப் போய்விட்டன.